கைநிரப்புத் தோட்டாவும் தொலைதூரத் துல்லியமும்

தொழிற்சாலையில் செய்து விற்கப்படும் தோட்டாவை அப்படியே பயன்படுத்தாமல், பித்தளைக் கூடு, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கையும் தனித்தனியே வாங்கி, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு ஏற்றபடி ஒருவர் தாமே சேர்த்துக்கொள்ளும் தோட்டா கைநிரப்புத் தோட்டா எனப்படுகிறது. இவ்வழக்கம் அமெரிக்காவில் மிகப் பரவலாக உள்ளது. செலவைக் குறைப்பதற்காக இதைச் செய்பவர்கள் உண்டு. தொலைதூரத்தில் குறி தவறாமல் சுட வேண்டும் என்பதற்காகச் செய்பவர்களும் உண்டு. இரண்டாவது நோக்கத்திற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. தொலைவிலுள்ள குறியைத் தொடுவதற்குத் தேவையானது கூடுதல் மருந்தின் வலிமை அன்று, ஒவ்வொரு வெடியும் முந்தைய வெடியைப் போலவே இருக்கும் ஒருமையே என்பதை அந்த வரலாறு படிப்படியாகக் காட்டுகிறது.

ராபின்சின் ஊசல்

துப்பாக்கிக் குண்டின் வேகம் எவ்வளவு என்பது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊகமாகவே இருந்தது. ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில் அதை அளக்கும் வழியைக் கூறினார். கனமான மரப்பலகை பொருத்திய ஓர் ஊசலின் மீது குண்டைச் சுட வேண்டும். குண்டு பலகையில் பதிந்ததும் ஊசல் எவ்வளவு பின்னோக்கி ஆடுகிறது என்பதை அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். இந்தச் சோதனைகளால், வேகமாகச் செல்லும் குண்டைக் காற்று தடுக்கும் அளவு அதுவரை எண்ணியதைவிட மிகப் பெரியது என்பது தெரிந்தது. அந்நூலை ஆய்லர் 1745இல் செருமன் மொழியில் விளக்கக் குறிப்புகளுடன் வெளியிட்டார். ராபின்சுக்கு 1746இல் அரச கழகத்தின் காப்லி பதக்கம் கிடைத்தது.

நேராகக் குறிபார்த்துச் சுட்டாலும் குண்டு ஏன் பக்கவாட்டில் விலகுகிறது என்ற கேள்வியையும் அவர் ஆராய்ந்தார். உருண்டைக் குண்டு குழலின் சுவரில் உரசி ஏதோ ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டு வெளியேறுகிறது, அந்தச் சுழற்சியால் காற்று அதை வளைக்கிறது என்று கண்டார். குழலின் உட்புறத்தில் திருகுபோல் புரிகளை வெட்டினால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். அப்போது இந்த விலகல் பெருமளவு நீங்கும். புரிக்குழல் துப்பாக்கியின் இந்தச் சிறப்பை 1747இல் அரச கழகத்தின் முன் அவர் எடுத்துரைத்தார்.

இவருடைய வாழ்வு தமிழ்நாட்டில் முடிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்கும் பொறியாளராக 1750இல் இந்தியா வந்த ராபின்ஸ், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையில் 1751 சூலை 29 அன்று காலமானார்.

எல்லாத் தோட்டாவும் கைநிரப்பாக இருந்த காலம்

குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இடப்பட்ட காலத்தில் ஒவ்வொரு வெடியும் கைநிரப்பாகவே இருந்தது. அமெரிக்கக் குடியேற்றப் பகுதிகளில் துப்பாக்கி செய்யும் கொல்லர், துப்பாக்கியோடு ஈயக் குண்டு வார்க்கும் அச்சையும் சேர்த்தே கொடுப்பார். இரண்டு குழல்களின் உள்விட்டம் ஒன்றாக இராது என்பதால், ஒருவருடைய அச்சில் வார்த்த குண்டு மற்றவருடைய துப்பாக்கிக்குப் பொருந்தாமல் போகலாம். எவ்வளவு மருந்து இட்டால் தன் துப்பாக்கி நன்றாகச் சுடும் என்பதை உரிமையாளரே சுட்டுப் பார்த்து அறிந்துகொள்வார். இன்று நடக்கும் கைநிரப்புச் சோதனைகளின் அடிப்படை எண்ணம் அங்கேயே இருந்தது.

1850களில் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் இந்தச் சோதனையை முறைப்படுத்தினார். நீளமான குண்டு காற்றை நன்றாகக் கிழித்துச் செல்லும், ஆனால் அது தடுமாறாமல் பறக்க வேண்டுமானால் வேகமாகச் சுழல வேண்டும். அதற்காகத் தம் அறுகோணக் குழலில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற இறுக்கமான புரியை அவர் வைத்தார். 1860இல் விம்பிள்டனில் நடந்த தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதல் போட்டியை, தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் துப்பாக்கியைச் சுட்டு விக்டோரியா அரசி தொடங்கிவைத்தார். 400 கஜத்துக்கு அப்பால் இருந்த குறியின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத் தொலைவில் அக்குண்டு பட்டது.

பித்தளைக் கூடும் பிரைமரும்

1860களில் உலோகத் தோட்டா பரவியது. கூடு, மருந்து, குண்டு, பொறி கக்கும் பிரைமர் நான்கும் ஒரே பொருளாயின. சுட்ட பின்பும் பித்தளைக் கூடு வீணாவதில்லை. பழைய பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தினால் மீண்டும் நிரப்பலாம்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஆங்கிலேயரான எட்வர்டு பாக்சர் வடிவமைத்த பிரைமருக்கு, கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை போதும். அத்துளை வழியாக ஊசியை விட்டுப் பழைய பிரைமரை எளிதாகத் தள்ளிவிடலாம். அமெரிக்கரான ஐரம் பெர்டான் வடிவமைத்த முறையில் நடுவே துளை இல்லை. பக்கத்தில் சிறு துளைகளே உண்டு. ஆகவே பழைய பிரைமரை எடுப்பது கடினம். காலப்போக்கில் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவின் பல நாடுகளிலும் நிலைத்தன. அமெரிக்காவில் கைநிரப்புப் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவ, அங்கு நிலைத்த பாக்சர் பிரைமரும் ஒரு காரணம்.

அதே காலத்தில்தான் தொலைதூர வேட்டையின் முதற்பெரும் அழிவும் நிகழ்ந்தது. 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் தோலுக்காகக் காட்டெருமைகளைக் கொன்றவர்கள், மருந்தையும் ஈயத்தையும் மொத்தமாக வாங்கி, இரவில் கூடாரத்தில் அமர்ந்து, பகலில் சுட்ட கூடுகளை மீண்டும் நிரப்பினர். கனத்த குண்டை எய்யும் ஷார்ப்ஸ் துப்பாக்கிகளால் தொலைவில் இருந்தபடியே மந்தையைச் சுட முடிந்தது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகளில் 1880களின் இறுதியில் காட்டில் எஞ்சியவை சில நூறுகளே. தோல் வணிகமும் இருப்புப் பாதையும் அரசின் கொள்கையும் அந்த அழிவுக்குக் காரணங்கள். ஆனால் அதன் கருவி துல்லியமான துப்பாக்கியும் கூடாரத்தில் நிரப்பிய தோட்டாவுமே.

கிரீட்மோர், 1874

1874 செப்டம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள கிரீட்மோர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. தூரம் 800, 900, 1,000 கஜம். அயர்லாந்து வீரர்கள் வாய்வழி நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகளையும், அமெரிக்கர்கள் பின்புறம் நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளையும் பயன்படுத்தினர். அமெரிக்கர்கள் 934க்கு 931 என்ற கணக்கில் வென்றனர். அயர்லாந்து வீரர் ஒருவர் அடுத்தவருடைய இலக்கின் மையத்தில் சுட்டுவிட, அந்த வெடிக்குப் புள்ளி கிடைக்காமல் போனதும் தோல்விக்கு ஒரு காரணம். பின்புறம் நிரப்பும் துப்பாக்கியும் உலோகத் தோட்டாவும் ஆயிரம் கஜத்தில் பழைய முறைக்கு ஈடுகொடுக்கும் என்பதை அப்போட்டி உறுதிசெய்தது.

போப், ரோலண்டு, மான்

அடுத்த தலைமுறையில் இந்த ஆய்வு குழல் செய்பவர்களிடமும் தனி ஆய்வாளர்களிடமும் சென்றது. புகழ்பெற்ற குழல் கைவினைஞர் ஹாரி போப்பின் முறையில் குண்டு வாய் வழியாகவும், மருந்து கூட்டில் பின்வழியாகவும் இடப்படும். ஒரே கூட்டையே மீண்டும் மீண்டும் நிரப்பிச் சுடுவார்கள். இரண்டு கூடுகளுக்கு இடையிலான சிறு வேறுபாடுகூட இதனால் இல்லாமற்போகிறது. போப் செய்த குழலைக் கொண்டு கொலராடோவின் சி. டபிள்யூ. ரோலண்டு 1901இல் 200 கஜத்தில் சுட்ட 10 குண்டுகள், மையத்துக்கு மையம் அளந்தால், 0.725 அங்குலத்துக்குள் அடங்கின.

மாசசூசெட்சைச் சேர்ந்த பிராங்கிளின் மான் மருத்துவம் படித்தவர். குண்டு ஏன் விலகுகிறது என்ற ஒரே கேள்விக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். மனிதக் கையின் நடுக்கம் கணக்கில் புகாதபடி, காங்கிரீட்டால் கட்டிய அசையாத் தாங்கியில் குழலைப் பொருத்திச் சுட்டார். வேண்டுமென்றே சில குண்டுகளின் மூக்கையும் சிலவற்றின் அடியையும் சிதைத்துச் சுட்டுப் பார்த்தார். மூக்கு சிதைந்த குண்டு பெரிதாக விலகவில்லை. அடி சிதைந்த குண்டோ வெகுவாக விலகியது. அழுத்தமான வாயு குழல் வாயில் கடைசியாகத் தள்ளுவது குண்டின் அடியைத்தான் என்பதால், அங்கே ஏற்றத்தாழ்வு இருந்தால் குண்டு கோணிக்கொண்டு வெளியேறுகிறது. இச்சோதனைகள் அடங்கிய அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது.

புகையில்லா மருந்தும் புதிய ஆபத்தும்

1884இல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். குண்டின் வேகம் பெரிதும் கூடியது. கூடவே ஆபத்தும் கூடியது. கரிமருந்தை அளவுக் குவளையால் முகந்து ஊற்றிப் பழகியவர்கள், அதே அளவு புதிய மருந்தை இட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறக்கூடும். ஒரே தோற்றமுடைய இரண்டு மருந்துகள் எரியும் வேகத்தில் முற்றிலும் வேறாக இருந்தன. தராசில் நிறுத்து இடுவதும், சோதித்து வெளியிடப்பட்ட அட்டவணையைத் தாண்டாமல் இருப்பதும் கட்டாயமாயின. பிலிப் ஷார்ப் 1937இல் வெளியிட்ட கைநிரப்பு வழிகாட்டி போன்ற நூல்கள் இந்த ஒழுங்கைப் பரப்பின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைகளிடம் மிஞ்சிய வெடிமருந்தை கான்சஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜ்டன் மொத்தமாக வாங்கி மலிவாக விற்றார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சியரா, ஹார்னடி போன்ற குண்டு நிறுவனங்களும் தோன்றின. வேட்டைக்காரரான ஜான் நாஸ்லர், 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரிய மூஸ் மான் ஒன்றின் மீது சுட்ட குண்டுகள் ஆழமாக ஊடுருவாததைக் கண்டு, நடுவே உலோகத் தடுப்புச் சுவர் கொண்ட குண்டை வடிவமைத்தார். முன்பாதி விரிந்து மலரும், பின்பாதி சிதையாமல் உள்ளே செல்லும். வேட்டைக் குண்டு குறியைத் தொட்டால் மட்டும் போதாது, விலங்கை விரைவாகக் கொல்லவும் வேண்டும் என்பதை அந்த வடிவம் உணர்த்தியது. காகித இலக்குக்காகச் செய்த மிகத் துல்லியமான குண்டுகள் பல இவ்வேலைக்கு உகந்தவை அல்ல.

எண்கள் சொல்லும் பாடம்

குண்டின் வேகத்தை மின்காந்தத்தால் அளக்கும் கருவியை பெல்ஜியப் படை அதிகாரி லெ புலாஞ்சே 1860களில் உருவாக்கினார். நூறாண்டுக்குப் பின், தனிநபர் வாங்கக்கூடிய மின்னணு வேகமானிகள் வந்தபோது, ராபின்சின் ஊசல் செய்த வேலை ஒவ்வொருவர் கைக்கும் எட்டியது. நூறு கஜத்தில் ஒரே துளையில் விழும் தோட்டாக்கள் ஆயிரம் கஜத்தில் ஏன் சிதறுகின்றன என்பதும் எண்ணாகத் தெரிந்தது.

விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படும் நல்ல 6.5 மில்லிமீட்டர் குண்டை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தோட்டாக்களின் வேகம் விநாடிக்கு 30 அடி வேறுபட்டால், நூறு கஜத்தில் உயர வேறுபாடு ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயிரம் கஜத்தில் அது சுமார் 8 அங்குலம். கூடுகளைத் தரம்பிரிப்பது, மருந்தை நுணுக்கமாக நிறுப்பது, குண்டு கூட்டில் அமரும் ஆழத்தை ஒன்றுபோல் வைப்பது ஆகிய உழைப்பெல்லாம் இந்த வேறுபாட்டைக் குறைப்பதற்கே.

இங்கே ஏமாற்றமும் உண்டு. மூன்றே குண்டுகள் நெருக்கமாக விழுந்ததைக் கண்டு சிறந்த கலவை கிடைத்துவிட்டது என்று எண்ணுவது பரவலான பழக்கம். ஒரே கலவையை மும்மூன்றாகப் பலமுறை சுட்டாலும் சில தொகுதிகள் நெருங்கியும் சில விரிந்தும் விழும். பலவற்றுள் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுப்பவர் தற்செயலையே தேர்ந்தெடுக்கிறார். ரோலண்டு 10 குண்டுகளைச் சுட்டதால்தான் அவருடைய சாதனை இன்றும் மதிக்கப்படுகிறது.

2007இல் ஹார்னடி நிறுவனம் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவை அறிமுகப்படுத்தியது. பெயர் 1874இன் திடலை நினைவூட்டியது. வாங்குபவர் அதே தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும்படி, எந்த மருந்து எவ்வளவு என்ற குறிப்பும் பெட்டியிலேயே அச்சிடப்பட்டது. கைநிரப்பாளர்கள் தேடிய ஒருமையைத் தொழிற்சாலை நெருங்கிவந்ததன் அடையாளம் அது.

வேட்டையில் துல்லியத்தின் எல்லை

மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ 8 முதல் 10 அங்குல விட்டமே. மேலே சொன்ன குண்டு ஆயிரம் கஜம் செல்ல ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் மான் ஓரடி எடுத்துவைத்தால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் விழும். மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் பக்கக் காற்று அக்குண்டை ஏறத்தாழ 6 அடி தள்ளும். காற்றின் வேகத்தை 2 மைல் தவறாக மதித்தாலே குண்டு ஓரடிக்கு மேல் விலகும். இவ்விரண்டையும் எந்தத் தோட்டாவாலும் சரிசெய்ய முடியாது. காகிதத்தில் தவறினால் ஒரு புள்ளி குறையும். விலங்கிடம் தவறினால் அது காயத்தோடு ஓடி, நாள்கணக்கில் துன்புற்றுச் சாகும்.

இதனாலேயே, 1887இல் தியோடர் ரூசுவெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கழகம், தப்பிச்செல்ல விலங்குக்கு வாய்ப்பே தராத தொலைதூரச் சுடுதலை முறையான வேட்டையாக ஏற்க மறுக்கிறது. அனுபவமுள்ள கைநிரப்பாளர்கள் பலரும் இலக்குத் திடலில் ஆயிரம் கஜம் சுட்டாலும், வேட்டையில் தமக்கென மிகக் குறைந்த தூரத்தையே எல்லையாக வைத்துக்கொள்கின்றனர். அவர்களைப் பொறுத்தவரை, நன்றாக நிரப்பிய தோட்டா தூரத்தைக் கூட்டுவதற்கான உரிமம் அன்று. எட்டக்கூடிய தூரத்தில் தன் பக்கப் பிழையை இயன்றவரை குறைப்பதற்கான வழியே அது.