முக்கால் தட்டும் இரண்டு வாரிசுகளும்

வாட்ச் சேகரிப்பவர்கள் நாங்கள் கூடினால் ஜெர்மன் கடிகாரத்தைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பேச்சைத் தொடங்குவோம். டயலெல்லாம் பிறகு. முதுகுக் கண்ணாடிக்குள் இயந்திரத்தின் பெரும்பகுதியை ஒரே தகடு மூடியிருந்தால், அநேகமாக அது கிளாஸ்ஹூட்டே ஊர்ச் சரக்கு. அடுத்த கேள்வியில் சண்டை வந்துவிடும்: அந்த ஊருக்கு உண்மையான வாரிசு லாங்கே கம்பெனியா, கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல் கம்பெனியா?

டிரெஸ்டனுக்குத் தெற்கே, சாக்ஸனி மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஊர். வெள்ளிச் சுரங்கம் வற்றிப் பிழைப்பு கெட்ட இடம். டிரெஸ்டன் அரண்மனைக் கடிகாரக்காரர் குட்காஸிடம் தொழில் கற்ற ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே, அரசிடம் கடன் வாங்கி, 1845 டிசம்பர் 7-ல் 15 பயிற்சிப் பையன்களோடு அங்கே பட்டறை போட்டார். பழைய பாரிஸ் அளவைத் தூக்கிப்போட்டு மில்லிமீட்டரில் அளக்க வைத்தார். ஊர் மேயராகவும் 18 ஆண்டுகள் இருந்தார்.

பல்சக்கரங்களின் மேல்முனைகளைத் தனித்தனிப் பாலங்களில் தாங்க வைப்பதுதான் அப்போதைய வழக்கம். லாங்கே அந்தப் பாலங்களை ஒன்றாக்கிக்கொண்டே வந்து 1864-ல் ஒரே தகடாக, முக்கால் தட்டில் முடித்தார். சக்கரங்கள் இம்மியும் விலகாது. ஆனால் பூட்டுகிறவர் பாடு திண்டாட்டம். எல்லா அச்சுமுனைகளும் ஒரே சமயத்தில் அதனதன் துளையில் இறங்க வேண்டும். ஒன்று பிசகினாலும் தட்டைத் தூக்கி முதலிலிருந்து வைக்க வேண்டும். தட்டு ஜெர்மன் சில்வர்: செம்பு, நிக்கல், துத்தநாகம். பேரில்தான் வெள்ளி. இன்றைய லாங்கேயில் அதற்குப் பூச்சும் கிடையாது. நாளாக ஆகப் பொன்மஞ்சள் ஏறும், விரல் பட்டால் கறையும் ஏறும்.

1945 மே 8, ஐரோப்பாவில் போர் ஓய்ந்த நாளிலேயே, சோவியத் விமானங்கள் ஊரில் குண்டு போட்டன. 1948-ல் கம்பெனியை அரசு எடுத்துக்கொள்ள, கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே மேற்கு ஜெர்மனிக்குத் தப்பினார். 1951-ல் ஊர்க் கம்பெனிகள் எல்லாம் ஜி.யூ.பி. என்ற ஒரே அரசு ஆலையாயின.

சேகரிப்பவர்கள் அரசு ஆலையின் நாற்பது ஆண்டையும் ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. என்னிடம் அந்த ஆலையின் ஸ்பெசிமாட்டிக் ஒன்று இருக்கிறது. 1960-களின் ஆட்டோமேட்டிக், நகாசு ஒன்றும் இல்லை, கட்டினால் ஓடும். வேலைக்குப் போகிறவர் கட்டிய வாட்ச்.

ஜெர்மனி மீண்டும் ஒன்றானதும் வால்டர் திரும்பி வந்து அதே டிசம்பர் 7-ல், 1990-ல், கம்பெனியைப் பதிந்தார். 1994 அக்டோபர் 24-ல் டிரெஸ்டனில் நான்கு மாடல்கள் வெளிவந்தன. அவற்றில் 'லாங்கே 1'-இன் பெரிய தேதிக்கு முன்மாதிரி, குட்காஸ் டிரெஸ்டன் ஓபராவுக்குச் செய்த, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறும் கடிகாரம். பூட்டிய கைகளில் பல, ஜி.யூ.பி.யில் பழகியவை. அந்த ஆலைதான் தனியார் வசமாகி கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல் ஆனது.

நகாசில் லாங்கே ஒரு படி மேல்தான். பேலன்ஸ் பாலத்தில் கையால் செதுக்கிய பூ வேலை ஒன்று போதும். ஓட்டத்தை நுட்பமாகத் திருத்தும் ஒரிஜினலின் இரட்டை அன்னக்கழுத்து ஸ்பிரிங்கும் லேசுப்பட்டதல்ல. வாரிசு யார் என்று கேட்டால் மட்டும் என் ஓட்டு ஆலைக்கு. இதற்காக நண்பர்கள் என்னை 'காம்ரேட்' என்று கூப்பிடுகிறார்கள்.