எல்லைக்கல்லும் இடப்பெயரும்

சிவஞான முனிவர் பிறந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். மாபாடியம் தந்த அப்பெருந்தகை தொல்காப்பியப் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் விருத்தி வரைந்தவர். வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று தமிழ்நிலத்தின் எல்லை கூறித் தொடங்குவது அந்தப் பாயிரம். எல்லை கூறும் பாயிரத்துக்கு உரை கண்டவரின் ஊரில், இன்ன மடைக்கு இன்ன பெயர் என்று சொல்ல ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஊரின் பெயரே பேச்சில் 'வி.கே.புரம்' என்று சுருங்கிவிட்டது என்பது வேறு கதை.

ஆனைமங்கலச் செப்பேட்டைப் படித்தவர்கள் அறிவார்கள். பெண்யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, கீழெல்லை தொடங்கி நான்கெல்லையையும் வயல், வாய்க்கால், அண்டை ஊர் என்று பெயர் சொல்லி எழுதிவைத்தார்கள். படிக்கையில் அந்த வரப்பில் நாமும் உடன் நடப்பது போலிருக்கும்.

1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, மலைமுகடுகளை வரைபடத்தில் நிலைநிறுத்தியது. 1858இல் சென்னை மாகாணத்துக்கு நில அளவைத் துறை ஏற்பட்டபின் வயல்களுக்குப் புல எண்கள் வந்தன. கல் நடுவது தொடர்ந்தது. பெயர் பின்னுக்குப் போயிற்று. எண்ணின் பயனை நான் மறுக்கவில்லை. பட்டாவில் நிலத்தை ஐயமின்றிக் காட்ட அது வேண்டும். ஆனால் இவ்விடத்தில் நீர் எப்படி நிற்கும், எப்படி ஓடும் என்பதை எண் சொல்லாது.

பெயர் சொல்லும். பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணியில் ஆழமான இடத்தைக் 'கசம்' என்பார்கள். உயிர் உசிராவது போலச் சங்கப் புலவர்களின் கயம்தான் கசமாயிற்று. இறங்காதே என்னும் எச்சரிக்கையும் அச்சொல்லுக்குள் இருக்கிறது. மரமடராத சிறு பாறைக்குன்று 'பொத்தை'. நதியுண்ணி என்றொரு கால்வாய். ஆற்றையே உண்பது என்று வாய்க்காலுக்குப் பெயர் வைத்தவன் கவிஞனாகத்தான் இருக்க வேண்டும்.

இதே ஆற்றங்கரையில், இராசவல்லிபுரத்தில் பிறந்த ரா.பி.சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' எழுதி ஊர்ப்பெயர்களுக்கு வாழ்வளித்தார். ஊருக்குள் இருக்கும் துறைக்கும் மடைக்கும் பொத்தைக்கும் அப்படியொருவர் வாய்க்கவில்லை. 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வெளிவந்து, அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. எவ்வளவு வாதம்! அதிலும் பேசப்பட்டவை ஊர்ப்பெயர்களே. மலைமேல் இஞ்சிக்குழியிலும் மயிலாரிலும் வாழும் காணி மக்களுக்கோ இது வெறும் எழுத்துச் சிக்கல் அன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி காட்டில் தமக்குள்ள உரிமையைக் கோருவோர், எந்தக் காடு, எந்த ஓடை என்று காட்டியாக வேண்டும். முதியவர்களின் வாய்ச்சொல்லும் அதற்குச் சான்றாகும் என்று விதிகள் ஏற்கின்றன. முதியவர் போனால் சான்றும் போயிற்று.

சென்ற ஆண்டு என் மாணவர்கள் சிலரை ஆற்றங்கரைக்கு அனுப்பி, கேட்ட பெயரைக் கேட்ட ஒலியிலேயே, சொன்னவரின் வயதோடு குறித்து வரச் சொன்னேன். ஒருவன் கொணர்ந்த படம் வெகு நேர்த்தி. ஆற்று வளைவில் ஓரிடத்தில் 'ஆழமான பகுதி' என்று எழுதியிருந்தான். அங்கிருந்தவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "கசம்னு சொன்னாங்க சார், அது கொச்சைன்னு நான்தான் திருத்திட்டேன்" என்றான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.