சராசரிக்குள் அடங்காத கூட்டம்

1986-இல் சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ஸும் ம்யூல்லரும் ஒரு லாந்தனம்-பேரியம்-தாமிர ஆக்சைடைக் குளிரவைத்தபோது, 30 கெல்வினுக்குச் சற்று மேலேயே மின்தடை சரியத் தொடங்கியது. மறு ஆண்டே நோபல் பரிசு. 'எதிர்பாராத கண்டுபிடிப்பு' என்று சொல்லி வரலாற்றை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த 'எதிர்பாராத' என்ற சொல்தான் உறுத்துகிறது. யார் எதிர்பார்க்கவில்லை? ஏன்?

பொருள் ஒன்றும் புதுசு இல்லை. பிரான்சின் கான் நகரில் ரவோவின் குழு அதை முன்பே தயாரித்து, மின்கடத்தலையும் அளந்திருந்தது. போதிய அளவு குளிரவைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மீகடத்தி தேடுவோருக்கென்று மத்தியாஸ் பெயரில் சில விதிகள் புழங்கின: ஆக்சைடு வேண்டாம், காந்தம் வேண்டாம், காப்பான் வேண்டாம். 1973-இல் எட்டிய 23 கெல்வின் 13 ஆண்டுகள் அசையவில்லை. தேட வேண்டிய இடம் எதுவோ அதுவே விலக்கப்பட்ட இடமாக இருந்தது.

விலக்குக்கு அடியில் ஒரு பார்வை இருக்கிறது. பட்டைக் கோட்பாடு ஒற்றை எலக்ட்ரானின் கதையைச் சொல்கிறது. மற்ற எலக்ட்ரான்கள் எல்லாம் அதற்குச் சராசரியான பின்புலம். இந்தக் கணக்குப்படி தூய லாந்தனம் தாமிர ஆக்சைடு உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் அது காப்பான். தாமிர அணு ஒவ்வொன்றிலும் ஓர் எலக்ட்ரான். பக்கத்து அணுவுக்குத் தாவினால் அங்கே இரண்டாகி விலக்குவிசை தாங்காது. அதனால் எதுவுமே நகர்வதில்லை. மாட் காப்பான் என்பது இதுதான். சில எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால், காலி இடங்கள் வழியே ஓட்டம் பிறக்கிறது. மீகடத்தலும் அங்கேதான்.

1987-இல் ஆண்டர்சன் இதைத் தலைகீழாக வாசித்தார்: எலக்ட்ரான் ஜோடிகள் காப்பானுக்குள்ளேயே காத்திருக்கின்றன, கட்டு தளர்ந்ததும் ஓடுகின்றன. அதைக் கணிதமாக வளர்த்தவர்களில் ஒருவர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். ஆனால் ஜோடி சேர்வது எதனால் என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு கிடையாது. இத்தனைக்கும், பெட்நோர்ஸையும் ம்யூல்லரையும் இந்த ஆக்சைடுகளிடம் கொண்டுவந்தது வேறொரு யோசனை: ஜான்-டெல்லர் விளைவு.

தோல்வி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒருத்தரைத் தனியே பிரித்தெடுத்துப் புரிந்துகொண்டு, பிறகு பெருக்கிக்கொண்டால் கூட்டம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைதான் இங்கே உடைந்தது. அந்த நம்பிக்கை இயற்பியலுக்கு மட்டும் சொந்தமா என்ன?