மாட்டுக்கு அல்ல, தலைக்கு ஒரு வாக்கு

டென்மார்க் என்றால் நமக்குத் தரங்கம்பாடிக் கோட்டைதான் நினைவுக்கு வரும். 1620 முதல் 1845 வரை அந்தக் கடற்கரை அவர்கள் கையில் இருந்தது. இப்போது சூழலியல் பேசுகிறவர்கள் வேறொரு காரணத்துக்காக அந்த நாட்டைப் புகழ்கிறார்கள். சாம்சோ தீவிலும் ஏரோ தீவின் மார்ஸ்டல் ஊரிலும், குளிர்காலத்தில் வீடுகளுக்குத் தேவையான வெப்பத்தை ஊராரே உண்டாக்கிக்கொள்கிறார்கள். வைக்கோலும் மரச்சில்லும் வெயிலும்தான் எரிபொருள். ஊர் கூடி இழுத்த தேர் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கவே நீதிமன்றம் போக வேண்டியிருந்தவர்கள் நாம். 'ஊர்' என்ற சொல்லைக் கேட்டதும் அதில் யார் யார் என்று கேட்டுவிடுகிறோம். டென்மார்க்கையும் அப்படியே கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் அந்த ஏற்பாடு என்னவென்று சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வீடு கொதிகலன் கிடையாது. ஊருக்குப் பொதுவாக ஒன்று. அங்கே சூடாகும் தண்ணீர் மண்ணுக்கடியில், வெப்பம் வெளியேறாதபடி உறையிட்ட குழாய்களில் ஓடி ஒவ்வொரு வீட்டையும் சூடாக்கிவிட்டு, ஆறிப்போய்த் திரும்பி வருகிறது. சாம்சோவில் 1993 முதல் 2005 வரை இப்படி நான்கு நிலையங்கள் எழுந்தன. மூன்றில் வைக்கோல் எரிகிறது, ஒன்றில் மரச்சில்லும் சூரிய வெப்பமும். மார்ஸ்டலில் 1996இல் வயல்வெளியில் சூரியத் தகடுகளை நிறுத்தினார்கள். மின்சாரத்துக்கு அல்ல, நேரடியாகத் தண்ணீரைச் சுடவைக்க. இன்று அவற்றின் பரப்பு 33,000 சதுர மீட்டருக்கும் மேல். கோடை வெயிலைக் குளிர்காலத்துக்குச் சேமிக்க 75,000 கன மீட்டர் கொள்ளும் ஒரு குளத்தையே வெட்டி, வெந்நீரை நிரப்பி மேலே மூடி போட்டிருக்கிறார்கள். இந்த நிறுவனத்தின் உரிமையாளர்கள் அதில் வெப்பம் வாங்கும் வீட்டார்தான்.

இந்தக் கூட்டுறவுப் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? டேனிஷ் கிராமம் ஒன்றும் பிறவியிலேயே சமத்துவபுரம் அல்ல. 1733இல் வந்த சட்டம் குடியானவ ஆண்களைப் பிறந்த பண்ணையோடு கட்டிப்போட்டது. பண்ணையார் அனுமதியின்றி வெளியேற முடியாது. முதலில் 14 முதல் 36 வயதுவரை இருந்த இந்தக் கட்டு, பிறகு 4 வயதுப் பிள்ளைவரை இறங்கியது. 1788இல்தான் அதை ஒழிக்க ஆணை வந்தது. அதன் பிறகும் நிலம் பெற்றவர் வேறு, கூலிக்குப் போனவர் வேறு.

1882இல் யெடிங் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. அந்த இயக்கத்தின் விதி, ஆளுக்கு ஒரு வாக்கு. மாட்டுக்கு ஒரு வாக்கு அல்ல. ஐம்பது மாடு வைத்திருப்பவருக்கும் ஒற்றை மாட்டுக்காரருக்கும் சம எடை. இந்த விதியை நாம் மதிக்கிறோம். ஆனால் மாடே இல்லாத கூலிக்காரர் அந்தக் கூட்டத்துக்குள் நுழையவே முடியாது என்பதையும் பார்க்கிறோம். நிலமற்றவர்கள் சிறு நிலம் வாங்க அரசு கடன் தரும் சட்டம் 1899இல் வந்தது. பெரும் பண்ணைகளிலிருந்து நிலம் பிரித்துத் தரும் சட்டங்கள் வர 1919 ஆயிற்று. ஊர்ப் பெரியவர்களின் நல்ல மனசுக்குக் காத்திருந்தால் இவை நடந்திருக்காது.

வெப்பக் குழாயிலும் இதே கதைதான். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க்கின் எரிசக்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி எண்ணெய். அந்த அடியில் பிறந்ததுதான் 1979ஆம் ஆண்டின் வெப்ப வழங்கல் சட்டம். எந்தப் பகுதிக்கு எந்த வெப்பம் என்று உள்ளாட்சிகள் திட்டமிட வேண்டும். வீடுகளை இணையச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் அவற்றுக்கு அதிகாரம் கிடைத்தது. விலையில் ஆன செலவை மட்டும் வசூலிக்கலாம், லாபம் கூடாது. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு இப்படிப்பட்ட பொதுக் குழாய் வெப்பத்தில் வாழ்கின்றன.

கட்டாயப்படுத்தியதற்குக் காரணம் எளிது. மண்ணுக்குள் குழாய் புதைப்பதுதான் பெரும் செலவு. பாதித் தெரு விலகி நின்றால் மீதித் தெருவின் தலையில் அந்தச் செலவு விழும். பக்கத்து வீட்டை விலக்கிவைத்தால் நமக்கே நட்டம் என்பது அங்கே கணக்கு.

நம் ஊர்களில் இந்தக் கணக்கு எடுபடாது. தனிக் குவளை, தனிக் குடிநீர்த் தொட்டி, தனிச் சுடுகாடு, சுடுகாட்டுக்குத் தனிப் பாதை. எல்லாமே இரட்டைச் செலவுதான். சாதி அந்தச் செலவை முகம் சுளிக்காமல் தாங்கும், ஏழை ஊராட்சியில்கூட. 2022 டிசம்பரில் வேங்கைவயல் பட்டியலினக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது நாட்டுக்கே தெரியவந்தது. பொது ஆற்றல் வலைப்பின்னல் பற்றி எங்களிடம் பேச வருகிற நண்பர்கள் அந்தத் தொட்டியையும் தங்கள் வரைபடத்தில் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை ஒதுக்கிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்ததை வரவேற்றார். அவரைக் கிராம விரோதி என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். டேனிஷ் பால்பண்ணை மாட்டை விட்டுவிட்டு ஆளை எண்ணியதையும் அவர்கள் விரோதம் என்பார்களா?

நமக்கு அறையைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆனால் சூரிய மின்சாரமும் சாண எரிவாயுவும் 'ஊர்த் திட்டம்' என்ற பெயரில் நம் கிராம சபைகளுக்கு வரும். தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் முன் வரைபடத்தைக் கேளுங்கள். கம்பியோ குழாயோ எந்தத் தெருவில் முடிகிறது, நிலம் இல்லாதவர் உறுப்பினர் ஆகலாமா, கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் யாரிடம், நிலையத்தின் சாவி எந்தத் தெருவில் இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.