சென்னைச் சங்கீத வித்வத் சபை மண்டபம்

சென்னை இராயப்பேட்டையில் டி.டி.கே. அரங்கம் என்னும் பெயரோடு விளங்கும் இம்மண்டபம், மியூசிக் அகாதெமி என வழங்கும் சங்கீத வித்வத் சபைக்கு உரியது. கோயில் பிராகாரத்திலும் அரசர் ஆஸ்தானத்திலும் கல்யாணப் பந்தலிலும் வளர்ந்த கர்நாடக சங்கீதம், சீட்டு வாங்கிக்கொண்டு வருகிற பொதுஜனங்களுக்கு முன்னே தனக்கென்று நிலையான ஓர் இடத்தைப் பெற்ற சரித்திரத்தில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நிகழ்ந்த அகில இந்திய சங்கீத மகாநாட்டின் பயனாகத் தோன்றிய இச்சபையை, 1928 ஆகஸ்டு 18-ஆம் நாள் சர் சி. பி. இராமசுவாமி ஐயர் தொடங்கி வைத்தார். சொந்த மனையின்றிப் பந்தல்களிலும் பிறர் மண்டபங்களிலும் கச்சேரி நடத்திய அக்காலத்திலேயே, தேவதாசியரின் நடனமான சதிருக்கு எதிர்ப்பு வலுத்திருந்த 1931-இல், அம்மரபைச் சேர்ந்த கல்யாணியின் புதல்வியரை ஆடுவதற்கு மேடையேற்றிய துணிவு இச்சபைக்கு இருந்தது. பின்னர் 1955-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, ஏறத்தாழ 1,600 பேர் அமரத்தக்க அரங்கம் எழும்பி, 1962 டிசம்பரில் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையாரால் திறக்கப்பெற்றது.

மார்கழி உற்சவமே இதன் முதற் பயன். மாலையில் முன்வரிசை ரசிகர்கள் தொடையில் தாளமிட்டவாறு பல்லவியின் எடுப்புக்குக் காத்திருப்பார்கள். காலையிலோ ஒரு ராகத்தின் ஒரே ஒரு பிரயோகத்தைப் பற்றி வித்வான்கள் பாடிக்காட்டி வாதிடுவார்கள். கச்சேரிக்கு நிகராக இவ்வாராய்ச்சியையும் போற்றுவதே சபையின் தனிச்சிறப்பு என்று துணிந்து கூறலாம். நாட்டியம், நாடகம், மேனாட்டு வாத்தியக் குழுக்களின் நிகழ்ச்சி ஆகியவையும் இங்கு நடப்பதுண்டு.

லய வித்வான்களை ஈன்ற புதுக்கோட்டைச் சீமைக்கு இச்சபையின் வரலாற்றில் பெருமையும் உண்டு, ஏக்கமும் உண்டு. உடும்புத் தோல் போர்த்திய சிறிய கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையும், அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் இம்மண்டபத்திற்கு மிக முந்தியவர்கள். அப்பரம்பரையில் வந்த மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோ, அரங்கம் திறக்கச் சில மாதங்களே இருக்கையில், 1962-இல் காலமானார். இச்சபை வழங்கும், 1942-இல் ஏற்பட்ட சங்கீத கலாநிதிப் பட்டம் மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முதலாக வாய்த்தது 1966-இல், பாலக்காடு மணி ஐயருக்கு. லயத்தில் தலைசிறந்தவர்கள் பலர் அதற்குள் மறைந்துவிட்டபடியால், அந்தக் கௌரவம் மிகவும் தாமதித்தே வந்ததென்று சொல்லத்தான் வேண்டும்.