ஒரு பழைய டாங்கியை எடுக்க இத்தனை போலீஸா? எஸ்டோனியாவின் நார்வாவில் சிலைகளும் கோட்டையும் சொல்லும் கதை

2022 ஆகஸ்ட் 16. எஸ்டோனியாவின் நார்வா நகருக்கு வெளியே, ஆற்றோரச் சாலையில் 52 வருஷமா மேடை மேல் நின்ற டி-34 டாங்கியை கிரேன் தூக்கி லாரியில் வைத்தது. சுற்றிலும் போலீஸ். அதோடு சேர்த்து நார்வாவில் மேலும் 6 சோவியத் நினைவுச்சின்னங்கள் அகற்றப்பட்டன. மறுநாளே எஸ்டோனிய அரசு இணையதளங்கள் மீது சைபர் தாக்குதல். 2007-க்குப் பிறகு நடந்த மிகப்பெரிய தாக்குதல் என்றது அந்நாட்டு அரசு.

ஓடாத டாங்கிக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

நார்வா எங்கே இருக்கு?

எஸ்டோனியாவின் கிழக்கு ஓரத்தில். ஊரை ஒட்டி ஓடும் நார்வா ஆறுதான் எல்லை. அந்தக் கரை ரஷ்யா. இந்தக் கரையோடு நேட்டோவும் ஐரோப்பிய ஒன்றியமும் முடிகின்றன. மக்கள் தொகை சுமார் 50 ஆயிரம்தான். அதில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழி பேசுறவங்க.

டாங்கியை யார் வச்சாங்க?

1944 ஜூலையில் சோவியத் படை ஜெர்மனியைத் துரத்திக்கொண்டு ஆற்றைக் கடந்த இடம் அது. அதன் நினைவாக 1970-ல் டாங்கியை நிறுத்தினார்கள். ரஷ்யக் குடும்பங்களுக்கு அது நாஜிகளை வென்ற தாத்தாக்களின் ஞாபகம். கல்யாணம் முடிந்த ஜோடிகள் நேராக அங்கே போய் போட்டோ எடுப்பதும் வழக்கமாக இருந்தது.

எஸ்டோனியர்களுக்கு கதை வேற. ஜெர்மனியை விரட்டிய அந்த ராணுவம் திரும்பிப் போகவில்லை. நாடு சுதந்திரம் பெற்றது 1991-ல். கடைசி ரஷ்ய வீரர்கள் கிளம்பியது 1994-ல். 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும், 'அதே மாதிரி டாங்கி நம்ம ஊரில் மரியாதையாக நிற்கலாமா' என்ற கேள்வி சூடு பிடித்தது. நகராட்சி முடிவெடுக்கத் தயங்கியது. உள்ளூர் ஓட்டு அப்படி. கடைசியில் மத்திய அரசே இறங்கியது. டாங்கியை உடைக்கவில்லை, தலைநகர் தாலின் பக்கத்தில் வீம்சியில் உள்ள போர் அருங்காட்சியகத்துக்கு கொண்டுபோனார்கள். போரில் இறந்தவர்களின் கல்லறைக்கு எந்தத் தரப்பையும் புகழாத சாதாரண அடையாளக்கல் வைக்கப்படும் என்றும் அரசு அறிவித்தது.

சிங்கம் ஒரு பக்கம், லெனின் ஒரு பக்கம்

சிலை நிறுத்துவதும் எடுப்பதும் நார்வாவுக்குப் புதுசு இல்லை. 1700-ல் ஸ்வீடன் மன்னர் 12-ம் சார்லஸ், ரஷ்யாவின் மகா பீட்டரின் பெரும் படையை இங்கே தோற்கடித்தார். அந்த வெற்றிக்காக 1936-ல் ஒரு சிங்கச் சிலை வைத்தார்கள். 1944 போரில் அது அழிந்தது. 300-வது ஆண்டான 2000-ல் புதுச் சிங்கம் வந்தது. ஆனால் பீட்டரும் சும்மா இருக்கவில்லை, 1704-ல் திரும்பி வந்து ஊரைப் பிடித்துவிட்டார்.

நகர மையத்தில் நின்ற லெனின் சிலைக்கு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1993-ல் அவரை இறக்கினாலும் தூக்கி வீசவில்லை. கோட்டை வளாகத்தின் ஒரு மூலைக்கு மாற்றினார்கள். பல வருஷம் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுத்தது அங்கேதான்.

பழைய ஊர் எங்கே போச்சு?

ஸ்வீடன் ஆட்சிக்காலத்து அழகான வீதிகளுக்குப் பேர் போன ஊர் இது. 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் குண்டு வீசின. மிச்சம் இருந்ததில் நிறைய அதே வருஷச் சண்டையில் போனது. போருக்குப் பின் பழைய குடிகள் ஊர் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. ஆலை வேலைக்காக ரஷ்யாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இன்றைக்கு ஊர் ரஷ்ய மொழி பேசுவதற்கு காரணம் இதுதான்.

1671-ல் கட்டி முடித்த டவுன் ஹால் போல ஒன்றிரண்டு கட்டடங்களைத்தான் மீட்டெடுத்தார்கள். அதன் பக்கத்தில் 2012-ல் திறந்த தார்த்து பல்கலைக்கழகக் கல்லூரியை அவசியம் பார்க்கணும். அங்கே முன்பு நின்று அழிந்துபோன வணிக மாளிகையின் முகப்பை, மண்ணில் அச்சு பதித்த மாதிரி உள்வாங்கிய வடிவில் சுவரில் காட்டியிருக்கிறார்கள். ஊரில் சிலருக்கு பிடிக்கவில்லை. ஆனால் நார்வாவில் நேர்மையான நினைவுச்சின்னம் எது என்றால் இதைத்தான் சொல்லணும்.

எதிரெதிரே இரண்டு கோட்டை

இந்தக் கரையில் டேனிஷ்காரர்கள் தொடங்கிய ஹெர்மன் கோட்டை, கோபுர உயரம் 51 மீட்டர். அந்தக் கரையில் 1492-ல் மாஸ்கோ ஆட்சியாளர் மூன்றாம் இவான் கட்டிய இவான்கோரோட் கோட்டை. நடுவில் ஆறு மட்டும்.

மே 9 ரஷ்யாவுக்கு வெற்றி நாள். எஸ்டோனியாவுக்கு ஐரோப்பா தினம். 2023-ல் அந்த நாளில் எதிர்க்கரையில் மேடை போட்டு, நார்வாவைப் பார்த்தபடி கச்சேரி நடத்தியது ரஷ்யத் தரப்பு. இந்தப் பக்கம், புதினை 'போர்க் குற்றவாளி' என்று சொல்லும் ராட்சத பேனரை கோட்டைச் சுவரில் தொங்கவிட்டது நார்வா அருங்காட்சியகம். நார்வா மக்கள் பலர் ஆற்றங்கரையில் நின்று கச்சேரியைப் பார்த்தார்கள், பேனர் அவர்கள் தலைக்கு மேலே.

இரு கரையையும் இணைக்கும் பாலத்துக்குப் பெயர் 'நட்புப் பாலம்'. 2024 பிப்ரவரியில் ரஷ்யத் தரப்பு அதில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு அக்கரையில் சொந்தபந்தம் இருப்பவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துதான் கடக்கிறார்கள்.