கடற்கொள்ளை இணைய விளையாட்டுகள்

கடற்கொள்ளையராக வேடம் பூண்டு, பாய்மரக் கப்பல் ஓட்டி, பீரங்கியால் அடுத்தவர் கப்பலை உடைத்துச் சரக்கைப் பறிக்கும் கணினி விளையாட்டு வகை. பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் சேர்ந்து ஆடுவது. ஒற்றை ஆள் ஆடும் முன்னோடிகள் 1980களிலேயே இருந்தன. பலர் கூடி ஆடும் வடிவம் 2003க்குப் பிறகே வேர்பிடித்தது. இந்த வகையின் வரலாறு முழுக்க ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: விளையாடுபவர் கப்பலில் ஓர் ஆளா, அல்லது அவரே கப்பலா? தூத்துக்குடித் தோணியில் தலைமை தாங்கும் தண்டல் ஒருவர், சுக்கான் பிடிப்பவர் ஒருவர், பாய் இழுப்பவர்கள், தண்ணீர் இறைப்பவர்கள் என்று வேலை பிரிந்திருக்கும். அதை அப்படியே கணினிக்குக் கொண்டுவர முயன்றவர்கள் சிலர். எல்லா வேலையையும் ஒரே விரலுக்குக் கொடுத்துவிட்டவர்கள் பலர்.

முன்னோடிகள்

1987இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் கொமடோர் 64 கணினிக்கு வெளியிட்ட ‘சிட் மையர்ஸ் பைரேட்ஸ்!’ இந்த வகைக்குத் தாய்வீடு. ஓர் ஆள் ஆட்டம். காற்றின் திசை பார்த்துக் கப்பல் ஓட்டுவது, துறைமுகத்தில் சரக்கு விற்பது, வாட்சண்டை, புதையல் தேடல் எல்லாம் அதிலேயே வந்துவிட்டன. களம் கரீபியக் கடல். பின்னால் வந்த ஆட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கடலைவிட்டு நகரவே இல்லை. கொள்ளையர் என்றாலே கரீபியன் என்று கதைகளும் திரைப்படங்களும் பழக்கிவிட்டிருந்தன.

ஜப்பான் மட்டும் வேறு வழியில் போனது. கோயி நிறுவனம் 1990இல் தொடங்கிய கடல்வணிக விளையாட்டுத் தொடரின் இணைய வடிவம் ‘அன்சார்ட்டெட் வாட்டர்ஸ் ஆன்லைன்’ 2005இல் வந்தது. அதில் கொள்ளை ஒரு தொழில். வணிகமும் நாடுகாண் பயணமும் மற்றவை. கோழிக்கோட்டுக்கும் கோவாவுக்கும் கப்பல் ஓட்டி மிளகு வாங்கலாம் என்பதை இந்திய வாசகர் தனியே குறித்துக்கொள்ளலாம்.

பசில் பைரேட்ஸ்

2003 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் திரீ ரிங்ஸ் டிசைன் நிறுவனம் ‘பசில் பைரேட்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டது. ஜாவா மொழியில் எழுதப்பட்டது. பிரவுசிங் சென்டரில் இருந்த பழைய கணினி மாதிரி ஒன்றே அதற்குப் போதும். பார்வைக்குப் பொம்மை விளையாட்டு. உள்ளே இருந்த ஏற்பாடு அசாத்தியமானது.

கப்பலில் ஒவ்வொரு வேலையும் ஒரு புதிர். அடித்தட்டில் தேங்கும் நீரை இறைப்பவருக்கு ஒரு புதிர், பாய் கட்டுபவருக்கு ஒன்று, உடைந்த பலகையைச் சரிசெய்யும் ஓடாவிக்கு ஒன்று, பீரங்கிக்கு மருந்து இடிப்பவருக்கு ஒன்று. நீர் இறைப்பவர் அசந்தால் கப்பல் கனத்து வேகம் குறையும். பாய் கட்டுபவர் சரியாக ஆடினால்தான், போரில் கப்பலைத் திருப்ப வேண்டியவருக்கு நகர்வு வில்லைகள் சேரும். அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு நகர்வுகளை முன்கூட்டியே வரிசையாக வைக்க வேண்டும். எதிரியும் அதையே செய்துகொண்டிருப்பார். இரண்டும் ஒன்றாக அவிழும்போதுதான் குண்டு பட்டதா, பாறையில் மோதினோமா என்பது தெரியும். கடைசியில் கொள்ளை பங்கு போடப்படும். முகம் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து நீர் இறைத்ததால் இன்னொருவர் வென்றார் என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய விளையாட்டு, இந்தக் கட்டுரையாளர் அறிந்தவரை, வேறொன்று இல்லை. 2011இல் திரீ ரிங்ஸை சேகா வாங்கியது. 2016 முதல் கிரே ஹேவன்ஸ் என்ற சிறு நிறுவனம் நடத்துகிறது.

2006 – 2018

அடுத்த பத்தாண்டு பெரிய பெயர்களும் நடுத்தர விளைவுகளும். ஜெர்மனியின் பிக்பாயின்ட் 2006இல் ‘சீஃபைட்’ கொண்டுவந்தது. எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே ஆட முடிந்தது. வேகமாக முன்னேறக் காசு கட்ட வேண்டும். 2007 அக்டோபர் 31இல் டிஸ்னியின் ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் ஆன்லைன்’ வந்தது. 2013 செப்டம்பர் 19இல் சர்வரை அணைத்தார்கள். வீட்டில் வாங்கி வைத்த பழைய விளையாட்டைத் தூசி தட்டி மறுபடி ஆடலாம். இணைய விளையாட்டில் நிறுவனம் விளக்கை அணைத்தால் கடலே போய்விடும். ரசிகர்கள் சிலர் தாங்களே சர்வர் வைத்து அந்த உலகைத் திரும்பக் கட்டினார்கள்.

2008 ஜனவரியில் ஃப்ளையிங் லேப் வெளியிட்ட ‘பைரேட்ஸ் ஆஃப் த பர்னிங் சீ’, 1720ஆம் ஆண்டின் கரீபியனை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ், கொள்ளையர் என்று நான்கு தரப்பு. துறைமுகங்களைக் கைப்பற்றும் போட்டி. கப்பல் ஒருவருக்கு ஒன்று. அதே வழியை இன்னும் கறாராகப் பின்பற்றியது கேம்-லேப்ஸின் ‘நேவல் ஆக்‌ஷன்’. 2016இல் முன்னோட்டமாகவும் 2019இல் முழுமையாகவும் வந்தது. அதில் காற்றுதான் ராஜா. சதுரப் பாய்க் கப்பலைக் காற்றுக்கு எதிர்முகமாக ஓட்ட முடியாது. பின்பக்கவாட்டிலிருந்து காற்று வாங்கினால் பறக்கும். சங்கிலிக் குண்டு பாயைக் கிழிக்கும், சிதறு குண்டு ஆளைச் சாய்க்கும், உருண்டைக் குண்டு உடலைத் துளைக்கும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்த கடற்கரைக்காரருக்கு இதன் பாதிப் பாடம் வீட்டிலேயே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மாஸ்ட்ஃபயர் ஸ்டுடியோஸ் 2017 பிப்ரவரியில் முன்னோட்டமாக விட்ட ‘பிளாக்வேக்’ எதிர்த்திசையில் போனது. ஒரு போட்டியில் 54 பேர் வரை. கப்பலுக்குத் தலைவரை வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பீரங்கிக்கு மருந்து திணிப்பது, குண்டு போடுவது, ஓட்டை அடைப்பது எல்லாம் கையால். மோசமான தலைவர் வாய்த்தால் நல்ல மாலுமியும் மூழ்குவார். 2018 டிசம்பரில் ‘அட்லஸ்’ ஒரே உலகில் 40,000 பேர் ஆடலாம் என்று அறிவித்துக்கொண்டு வந்தது. முதல் நாட்களில் உள்ளே நுழையவே பலருக்குப் பெரும்பாடாயிற்று.

சீ ஆஃப் தீவ்ஸ்

2018 மார்ச் 20இல் இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் மைக்ரோசாஃப்டுக்காக வெளியிட்ட ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ இந்த வகையில் மிகப் பரவலாக ஆடப்பட்டது. பெரிய கப்பலுக்கு நான்கு பேர், சிறியதற்கு ஒருவர் அல்லது இருவர். மூவருக்கான நடுத்தரக் கப்பல் அதே ஆண்டு ஜூலையில் சேர்ந்தது.

அதன் சாமர்த்தியம் மறைத்து வைத்ததில் இருக்கிறது. வரைபடம் கீழ்த்தளத்து மேசையில் இருக்கும். சுக்கான் பிடிப்பவர் கண்ணுக்கு அது படாது. பெரிய கப்பலில் பாயை முழுதாக இறக்கினால் அவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. ஆகவே ஒருவர் கீழே நின்று திசை சொல்ல வேண்டும், ஒருவர் அணியத்தில் நின்று பாறை பார்க்க வேண்டும். குண்டு பட்டால் ஓட்டை விழும். பலகை அறைய வேண்டும், வாளியால் நீரை மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். நான்கு தமிழ் நண்பர்கள் மைக்கில் பேசிக்கொண்டு ஆடினால் கேட்பது பீரங்கிச் சத்தத்தைவிட “டேய், தண்ணி ஏறுதுடா, கீழ யாருடா இருக்கீங்க?” என்பதுதான்.

புதையல் கிடைத்த இடத்தில் அது உங்களுடையது ஆகிவிடாது. பெட்டியைத் தூக்கிவந்து துறைமுகக் கடையில் விற்கும்வரை யாரும் பறிக்கலாம். கப்பல் மூழ்கினால் உள்ளே இருந்ததெல்லாம் மிதக்கும், பொறுக்குபவருக்குச் சொந்தம். சேர்த்த பொன்னுக்கு உடையும் பாயின் நிறமும்தான் வாங்கலாம், பலமான பீரங்கி வாங்க முடியாது. ஆயிரம் மணிநேரம் ஆடியவரும் நேற்று வந்தவரும் ஒரே குண்டைத்தான் சுடுகிறார்கள். வெளியானபோது செய்வதற்கு அதிகம் இல்லை என்று குறை சொன்னார்கள். அது நியாயமான குறைதான். பின்னால் கதைப் பயணங்களும் அரக்கச் சுறாவும் சேர்ந்தன. சண்டைக்கென்றே 2019இல் திறந்த ‘அரினா’ பகுதிக்கு ஆள் வராமல் 2022 மார்ச்சில் மூடினார்கள். கொள்ளையடிக்கப்பட்டுச் சலித்தவர்களுக்காக 2023 டிசம்பரில் வேற்றுக் குழுக்களே இல்லாத ‘பாதுகாப்பான கடல்’ திறந்தது. 2024 ஏப்ரல் 30இல் போட்டி நிறுவனமான சோனியின் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்துசேர்ந்தது.

அலையும் கேபிளும்

இந்த விளையாட்டுகளில் கடினமான பொருள் தண்ணீர். தரையில் ஆடும் துப்பாக்கி ஆட்டத்தில் சுவர் நகராது. கடலில் தளமே ஏறி இறங்கும்; உங்கள் திரையில் அலை உச்சியில் நிற்கும் கப்பல் எதிரி திரையில் பள்ளத்தில் கிடந்தால் குண்டு எங்கே பட்டது என்பதே வழக்காகிவிடும். ஒவ்வொரு அலையையும் சர்வரிலிருந்து அனுப்புவது கட்டுப்படியாகாது. எல்லாக் கணினிக்கும் ஒரே கணக்கையும் ஒரே கடிகாரத்தையும் கொடுத்துவிட்டால் அலை தானாக ஒன்றுபோல எழும். கப்பலின் இடமும் குண்டும் மட்டும் கம்பியில் போனால் போதும்.

அந்தக் கம்பிதான் நம் பக்கத்துக் கதை. தென்காசி மாவட்டத்து ராயகிரி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பேரூர். கடல் பார்க்கக் கிழக்கே தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ போக வேண்டும். அங்கிருந்து ஒருவர் சிங்கப்பூர் சர்வரில் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சுடும் குண்டு சுமார் 600 கிலோமீட்டர் தாண்டிச் சென்னை போய், 2002இல் போடப்பட்ட ஐ2ஐ போன்ற கடலடிக் கேபிளில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் ஓடும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்வரக் குறைந்தது 38 மில்லிநொடி. வழியில் உள்ள கருவிகளும் செல்போன் கோபுரமும் அதைக் கூட்டும். இதையே ஆடுபவர்கள் ‘பிங்’ என்கிறார்கள், எகிறினால் ‘லேக்’. பீரங்கிக் குண்டு மெதுவாகப் பறப்பதால் துப்பாக்கி ஆட்டத்தைவிட இங்கே லேக் கொஞ்சம் மன்னிக்கப்படும். ஆனால் நல்ல கணினியோ கன்சோலோ வேண்டும் என்பது மன்னிக்கப்படாத தடை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் டேட்டா மலிந்தது. ஆட்டம் செல்போனில் நிலைத்தது. கப்பல் ஆட்டங்களில் பெரியவை இன்றும் பெரும்பாலும் கணினிக்கும் கன்சோலுக்குமே உரியவை.

இந்தியப் பெருங்கடல்

கொள்ளையர் ஆட்டங்கள் கரீபியனில் கிடந்த காலத்தில், கொள்ளைக்குப் பேர்போன இன்னொரு கடல் நம் பக்கத்திலேயே இருந்தது. 1695இல் மக்காவிலிருந்து சூரத் திரும்பிய ஔரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலை ஹென்றி எவரி கொள்ளையடித்தார். 1698 ஜனவரியில் கொச்சிக்கு அப்பால் வில்லியம் கிட் ‘கெடா மெர்ச்சன்ட்’ கப்பலைப் பிடித்தார். பிரெஞ்சுச் சீட்டு வைத்திருந்த கப்பல், பிடித்தது சட்டப்படிதான் என்று லண்டனில் வாதாடியும் எடுபடாமல் 1701 மே 23இல் தூக்கிலிடப்பட்டார். கிட் கப்பலைப் பிடித்தது ராயகிரிக்கு மலையின் அந்தப் பக்கத்துக் கடலில். வணிகக் கப்பல்களை வேட்டையாடிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டு, தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்’ ஆட்டத்தில் எம்டனை இன்று நாமே ஓட்டலாம். அது கொள்ளையர் ஆட்டம் இல்லை என்றாலும்.

இந்தக் கடலை முழுநீளமாக எடுத்துக்கொண்டது தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில் உருவான ஆட்டம். யூபிசாஃப்ட் சிங்கப்பூர் 2008இல் தொடங்கப்பட்டது. ‘அசாசின்ஸ் கிரீட்’ தொடரின் கப்பல் சண்டைகளில் பேர் வாங்கியது. அந்தத் தொடரில் 2013இல் வந்த ‘பிளாக் ஃப்ளாக்’ ஆட்டத்துக்குப் பலர் ஆடும் இணைப்பாக முளைத்த ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’, 2017இல் தனி ஆட்டமாக அறிவிக்கப்பட்டு, தேதி மேல் தேதி தள்ளிப்போய், 2024 பிப்ரவரி 16இல்தான் கரை சேர்ந்தது. நிறுவனத் தலைவர் ஈவ் கில்மோ அதை நான்கு ‘ஏ’ தரம் என்று புகழ்ந்தது அன்றுமுதல் கேலிப்பொருள்.

கப்பல் சண்டை நன்றாக இருந்தது என்பதைக் குறை சொன்னவர்களும் ஒப்புக்கொண்டார்கள். குறை, முதல் பத்தியில் கேட்ட கேள்வியில்தான். இங்கே ஆடுபவரே கப்பல். மாலுமிகள் பின்னணிப் பாட்டுக்காரர்கள். துறைமுகத்தில் தவிர நடக்க இடமில்லை. எதிரிக் கப்பலில் ஏறிக் குதிப்பது ஒரு சிறு காட்சியாக ஓடி முடிந்துவிடும். தண்ணீர் இறைக்க ஆளும் தேவையில்லை, நண்பரும் தேவையில்லை. வெளியானபோது அதன் வரைபடத்தில் ஒருபுறம் ‘சிவந்த தீவு’ என்ற பகுதியும் ஆப்பிரிக்கக் கரையும், மறுபுறம் கிழக்கிந்தியத் தீவுகளும் இருந்தன. நடுவே ‘திறந்த கடல்’. மலபாரும் சோழமண்டலமும் அதில் இடம்பெறவில்லை.